பவானி டவுன்: ஆபீஸ் சர்வருக்கு என்ன பெயர் வைப்பது?

நான் முதன்முதலில் சேர்ந்த கோயம்புத்தூர் ஆபீஸில் சர்வர்களுக்கு ஆற்றுப் பெயர். வைகை, பவானி, நொய்யல், அமராவதி, பாலாறு என்று மொத்தம் ஐந்து மெஷின். ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு இன்டர்காம் அடித்தது. "சார், நான் பவானி பேசறேன். பவானி டவுன்." அக்கவுண்ட்ஸ் பவானி மேடம், அவர்களுடைய சாஃப்ட்வேர் ஓடும் பவானி சர்வர் நின்றுபோனதைச் சொல்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த புதுப் பையன்தான், "மேடத்துக்கு உடம்புக்கு என்ன சார்?" என்றான்.

அன்று மதியம் நான் எல்லோருக்கும் அனுப்பிய மெயிலில், "இரண்டு மணிக்குப் பவானியை ஷட்டவுன் செய்கிறோம்" என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களை இங்கே எழுத முடியாது.

சர்வருக்குப் பெயர் வைக்கவென்று எந்த ஆபீஸிலும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. லினக்ஸ் என்றால் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பெட்டி வந்து பெயர் கேட்கும். கை போன போக்கில் எதையோ அடித்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவோம். விண்டோஸ் சர்வர் அதைக்கூடக் கேட்காது. 'வின்' என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, 11 எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் அதுதான் பெயர். மெஷினுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அதற்கு நெட்வொர்க் முகவரியான ஐபி எண் போதும். பெயர் தேவைப்படுவது மனிதர்களுக்கு. அதிலும் முக்கியமாக, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போனை எடுக்கும் மனிதருக்கு.

இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததல்ல. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில், உலகத்தில் இணைந்திருந்த எல்லா மெஷின்களின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. மெஷின்கள் பெருகப் பெருக அந்தக் கோப்பு தாங்கவில்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த, பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைத் தேடித் தரும் டி.என்.எஸ். முறை வந்து, அவரவர் டொமைனுக்குள், அதாவது அவரவர் நிறுவனத்தின் இணையப் பெயருக்குள், அவரவர் பெயர் என்று ஆனது. அதனால்தான் இன்று உங்கள் ஆபீஸிலும் வைகை இருக்கலாம், எதிர் ஆபீஸிலும் வைகை இருக்கலாம்.

1990 ஆகஸ்டில், இணைய ஆட்கள் தங்கள் முறைகளையும் ஆலோசனைகளையும் பதிவுசெய்யும் ஆவண வரிசையில், ஆர்.எஃப்.சி. 1178 என்ற சிறு ஆவணம் வெளியானது. கம்ப்யூட்டருக்குப் பெயர் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான் அதன் விஷயமே. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் இருந்த ஒருவர் எழுதியது. அன்றாடம் புழங்கும் சொல்லைப் பெயராக வைக்காதே என்கிறது அது. ஓர் இடத்தில் மெஷினுக்கு 'அப்' என்று பெயர் வைத்துவிட்டு, "அப் டவுனா?" என்று கேட்டுக்கொண்டிருந்த கதை அதில் இருக்கிறது. உன் சொந்தப் பெயரை வைக்காதே, நீளமாக வைக்காதே, அந்த மெஷினில் இப்போது ஓடும் புராஜெக்டின் பெயரை வைக்காதே, இரண்டு விதமாக எழுத வாய்ப்புள்ள பெயரை வைக்காதே, ஆட்களைப் புண்படுத்தும் பெயர் வேண்டாம், ஏதாவது ஒரு பொருளைச் சுற்றிய பெயர் வரிசையாக இருந்தால் நல்லது. 30 வருஷத்துக்கு மேல் ஆகியும் இதில் கழித்துக்கட்ட வேண்டியது அதிகம் இல்லை. எங்கள் பவானி முதல் விதியிலேயே விழுந்துவிட்டது.

பெயர் வரிசை என்றதும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும். ஆறு, மலை, பூ, ராசி, நட்சத்திரம். என் நண்பர் ஒருவர் வேலை பார்த்த இடத்தில் நவக்கிரகம். எட்டு கிரகத்துக்கும் இடம் கிடைத்தது. 'சனி' என்ற சர்வரில் தன் அப்ளிகேஷனை ஏற்ற மட்டும் ஒரு டீமும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அதை பேக்கப் மெஷினாக்கினார்கள். பத்தாவதாக ஒரு சர்வர் வாங்கியபோது வரிசை தீர்ந்துபோய், 'மாந்தி' என்று வைத்தார்களாம். சனியின் பிள்ளை என்பதால் அதுவும் பேக்கப்புக்கே போனது. வெள்ளைக்காரர்கள் ஊரில் இதே கதை சூரியக் குடும்பத்தை வைத்து நடந்திருக்கும்: ஒன்பதுதான் இருந்தது, 2006-ல் புளூட்டோவையும் கழித்துவிட்டார்கள்.

வரிசை தீர்ந்துபோவது சின்னப் பிரச்சினை. நமக்கே உரிய பெரிய பிரச்சினை ஆங்கில எழுத்துக்கூட்டு. இதைப் பற்றி அந்த ஆர்.எஃப்.சி. சில வரி எழுதிவிட்டுப் போய்விட்டது. தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களுக்குச் சில வரி போதாது.

காவேரி என்று ஒரு சர்வர். கே போட்டுத் தொடங்குவதா, சி போட்டுத் தொடங்குவதா? தாமிரபரணி என்றால் டி-க்குப் பக்கத்தில் ஹெச் உண்டா, நடுவில் வருவது பேப்பருக்கு வரும் பி-யா, பஸ்ஸுக்கு வரும் பி-யா, ஆர்-க்குப் பிறகு எத்தனை ஏ? நொய்யலையே அரசுக் காகிதத்தில் ஒரு மாதிரியும் பத்திரிகையில் வேறு மாதிரியும் எழுதுகிறார்கள். முல்லை என்றால் எல் ஒன்றா இரண்டா? யாழ் என்று வைத்தீர்களோ, தொலைந்தது. இசட்-ஹெச் என்று ஒருவர், எல் என்று ஒருவர், ஏ இரண்டு என்று இன்னொருவர். சங்கப் பாட்டில் வரும் பூக்களை வைக்கலாம், 99 இருக்கிறது என்று ஆபீஸில் தமிழார்வம் உள்ள யாராவது சொல்வார். ஆசையாகத்தான் இருக்கும். அந்தப் பூக்களைத் தமிழிலேயே பிழையில்லாமல் எழுத ஆள் தேட வேண்டும்.

சரி, தமிழ் எழுத்திலேயே வைத்துவிட்டால்? டொமைன் பெயர் தமிழில் வாங்க முடியும்; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எல்லாம் வந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனால் உள்ளே டி.என்.எஸ்.ஸில் அது தமிழாக இருப்பதில்லை. எக்ஸ், என், இரண்டு கோடு, அதன் பின் படிக்க முடியாத ஓர் எழுத்துக் கோவை என்று மாற்றித்தான் சேமிக்கப்படுகிறது. சர்வர் பெயருக்கு அனுமதி உள்ளவை ஆங்கில எழுத்து, எண், நடுவில் குறுங்கோடு, அவ்வளவுதான். பலர் பழக்கதோஷத்தில் அடிக்கோடு போடுவார்கள்; சில சாஃப்ட்வேர் சகித்துக்கொள்ளும், சிலது ஒரு நல்ல நாள் பார்த்து மறுத்துவிடும்.

ஆகவே தமிழ்ப் பெயர் வேண்டும் என்றால் நான் வைக்கும் பரீட்சை இது. அந்தப் பெயரைப் போனில் ஐந்து பேரிடம் சொல்லி, ஆங்கிலத்தில் டைப் செய்யச் சொல்லுங்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி அடித்தால் பெயர் தேறியது. வைகை தேறும். மருதம் அநேகமாகத் தேறும். குறிஞ்சி தேறாது, நடுவில் ஜே-யா, சி-ஹெச்சா என்பதிலேயே சண்டை வந்துவிடும்.

தலைவர்கள், நடிகர்கள் பெயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பல்லவன், சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்று தமிழ்நாட்டின் பஸ்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் பெயர் இருந்தது. 1997-ல் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரையும் மொத்தமாக எடுத்துவிட்டது. ஆபீஸில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் யார் பெயர் வைத்த சர்வர் அடிக்கடி படுக்கிறது என்ற பேச்சு கேன்டீனில் நிச்சயம் நடக்கும்.

இதெல்லாம் எதற்கு, ஊர், வேலை, எண் என்று ஒழுங்காக வைத்துவிட்டுப் போகலாமே என்பது எதிர்க்கட்சி. சென்னை, புரொடக்‌ஷன், டேட்டாபேஸ், 01. பார்த்ததுமே என்ன மெஷின் என்று தெரிந்துவிடும், தீரவே தீராது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். ஊருக்கு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைப்பது நெட்வொர்க் ஆட்களின் பழக்கம். சென்னை ரவுட்டர்களின் பெயரில் எம்.ஏ.ஏ. என்று வருவது அதனால்தான். மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது, குறியீடு மாறவில்லை. ரயில்வேயிலும் அப்படித்தான்: சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பெயர் வந்தது, டிக்கெட்டில் இன்னும் எம்.ஏ.எஸ். இப்படி அசையாத குறியீட்டைப் பெயருக்குள் வைத்தால் தொல்லை இல்லை.

தொல்லை மற்ற பாகங்களில் வருகிறது. முதலாவது, ஓர் எண்தான் வித்தியாசம் என்னும் நிலை. 2017 ஜனவரி 31 இரவு, புரோகிராமர்களின் கோடுகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். துணை டேட்டாபேஸ் சர்வரான டிபி-2-ல் இருந்த கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி நகலெடுக்க நினைத்த இன்ஜினியர், அழிக்கும் கட்டளையை டிபி-1-ல் கொடுத்துவிட்டார். அதுதான் முதன்மை சர்வர். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகலில் இருந்துதான் மீட்க முடிந்தது. பெயரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அங்கே பேக்கப்பும் ஒழுங்காக ஓடியிருக்கவில்லை. ஆனால் அதன்பின் அவர்கள் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, எந்த சர்வரில் நிற்கிறோம் என்பது கட்டளை வரியிலேயே பளிச்சென்று தெரியும்படி மாற்றியது. ஒன்றும் இரண்டும் என்பதற்குப் பதில் வைகையும் பாலாறுமாக இருந்திருந்தால் வித்தியாசம் கண்ணில் பட்டிருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது, நீளம். விண்டோஸ் இன்னும் சுமக்கிற பழைய நெட்பயாஸ் வழக்கத்தில் பெயருக்கு 15 எழுத்துதான். கோயம்புத்தூர் என்பது ஆங்கிலத்தில் 10 எழுத்து, ஒரு கோடு, பிறகு அக்கவுண்ட்ஸ், இன்னொரு கோடு, 01 என்று வைத்தால் 22. அக்கவுண்ட்ஸின் நாலாம் எழுத்தோடு வெட்டப்படும். 02 என்று இன்னொன்று வைத்தாலும் வெட்டிய பின் அதே பெயர்தான். இரண்டு மெஷின், ஒரு பெயர்.

மூன்றாவதுதான் மோசம்: வேலை மாறும், பெயர் மாறாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் எண்ணைப் பெயருக்குள் வைத்து '2012' என்று முடித்த சர்வர்கள் எத்தனையோ ஆபீஸில் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. மெஷினை 2019-க்கு ஏற்றியிருப்பார்கள், பெயர் அப்படியே இருக்கும். இது புதுத் தவறும் அல்ல. 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மெயில் மெஷினின் பெயர் யுசிபி-வாக்ஸ். வாக்ஸ் என்பது அன்றைய கம்ப்யூட்டரின் ரகம்.

பெயரை மாற்றினால் போயிற்று என்று தோன்றும். மாற்றிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரை நிறுவிய பிறகு அந்த மெஷினின் பெயரை மாற்ற மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. மற்ற கம்ப்யூட்டர்களின் அடையாளத்துக்குச் சான்றிதழ் வழங்கும் சர்வரும் அப்படியே. எஸ்.க்யூ.எல். சர்வரில் விண்டோஸ் பெயரை மாற்றிய பின் டேட்டாபேஸுக்குள் போய்த் தனியாகவும் மாற்ற வேண்டும். பேக்கப் வேலைகள், கண்காணிப்பு, ஃபயர்வால் விதிகள், யாரோ ஒருவர் வேலையை விட்டுப்போகும் முன் எழுதிய ஸ்கிரிப்ட் என்று பழைய பெயர் போய் ஒட்டியிருக்கும் இடங்களுக்குக் கணக்கே இல்லை.

என்னைக் கேட்டால், இரண்டு கட்சிக்கும் நடுவில் போட வேண்டிய கோடு இதுதான். மெஷினுக்கு ஒரு பெயர், அது செய்கிற வேலைக்கு வேறு பெயர். மெஷின் ஆயுசுக்கும் வைகைதான். வாங்கிய நாளில் இருந்து ஸ்கிராப்புக்குப் போகும் நாள்வரை அது மாறாது. ஏனென்றால் மாறக்கூடிய எதையும் அந்தப் பெயர் சொல்லவில்லை. அப்புறம் டி.என்.எஸ்.ஸில் 'அக்கவுண்ட்ஸ்', 'ஃபைல்ஸ்', 'பிரின்ட்' என்று மாற்றுப்பெயர்கள், சி-நேம் என்று சொல்வோமே, அவற்றைப் போட்டு வைகையை நோக்கித் திருப்பிவிட வேண்டும். ஊழியர்களின் கம்ப்யூட்டரிலும் மற்ற அப்ளிகேஷன்களிலும் மாற்றுப்பெயரை மட்டுமே கொடுக்க வேண்டும். நாளை அக்கவுண்ட்ஸ் அமராவதிக்குப் போனால், டி.என்.எஸ்.ஸில் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. மாற்றுவதற்கு முதல் நாளே அந்தப் பதிவின் ஆயுளை, அதாவது டி.டி.எல். அளவை, ஐந்து நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் பழைய சர்வரிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதிலும் குழி உண்டு. மெயில் வரும் வழியைச் சொல்லும் எம்.எக்ஸ். பதிவு மாற்றுப்பெயரைக் காட்டக் கூடாது, நேர்ப்பெயரைத்தான் காட்ட வேண்டும். 1997-லேயே விதி எழுதியாகிவிட்டது. விண்டோஸ் ஃபைல் ஷேரை மாற்றுப்பெயரில் திறக்க, சர்வர் பக்கம் கூடுதல் அமைப்பு தேவைப்படலாம். ஒரு முறை செய்துவிட்டால் வருஷக்கணக்கில் நிம்மதி.

லேப்டாப்புக்கு இந்த யோசனையெல்லாம் வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையே பெயராக வைத்துவிடுங்கள்; டெல் என்றால் ஏழே எழுத்துதான். ஆள் பெயர் வைத்தால் அவர் ராஜினாமா செய்ததும் அடுத்தவர் அந்தப் பெயரோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

இன்று பாதி சர்வர்கள் கிளவுட் என்னும் மேகத்தில், நிமிடத்தில் பிறந்து மணிக்கணக்கில் மறைகின்றன. அங்கே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க நேரம் இல்லை. இதைச் சொல்ல அமெரிக்க இன்ஜினியர்கள் ஓர் உவமை வைத்திருக்கிறார்கள்: பழைய சர்வர் வீட்டில் வளர்க்கும் செல்லப் பிராணி, பெயர் இருக்கும், நோய் வந்தால் வைத்தியம் பார்ப்போம், புது சர்வர் மந்தை மாடு, எண் மட்டும்தான், படுத்தால் வேறொன்று. பில் பேக்கர் என்ற மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் சொன்னதை ராண்டி பயாஸ் பரப்பினார். நம் ஊரில் இந்த உவமை எடுபடாது. இங்கே மாட்டுக்குத்தான் முதலில் பெயர் வைப்பார்கள். காங்கேயம் பக்கம் மயிலை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே அழைப்பார்கள். வீட்டுக்கு வீடு லட்சுமி தனி. ஏராளமான அப்ளிகேஷன்களைத் தானாக ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருளான குபர்னெட்டீஸின் ஆட்களே இந்த உவமையில் இடறினார்கள். நிலையான அடையாளம் தேவைப்படும் வகைக்கு முதலில், செல்லப் பிராணியின் ஆங்கிலச் சொல்லை வைத்து 'பெட்-செட்' என்று பெயர் வைத்து, பிறகு 'ஸ்டேட்ஃபுல்-செட்' என்று மாற்றினார்கள்.

தானாகப் பெயர் சூட்டுவதிலும் ரசனை இருக்கிறது. குபர்னெட்டீஸ் தான் உருவாக்கும் பெயர்களின் கடைசி ஐந்தெழுத்தில் ஆங்கில உயிரெழுத்துகளையே சேர்ப்பதில்லை, தற்செயலாகக் கெட்ட வார்த்தை வந்துவிடக் கூடாது என்று. டாக்கர் என்ற மென்பொருள், பெயர் கொடுக்காத கன்டெய்னருக்கு, அதாவது தனி உறைக்குள் ஓடும் அப்ளிகேஷனுக்கு, ஓர் அடைமொழியும் ஓர் அறிஞர் பெயரும் சேர்த்து வைக்கும். அந்தப் பட்டியலில் ராமன், ராமானுஜன், சந்திரசேகர், கலாம் எல்லோரும் இருக்கிறார்கள். 'போரிங் வாஸ்னியாக்' என்று மட்டும் வராது. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் சலிப்பானவர் அல்ல என்று காரணம் எழுதித் தடுத்திருக்கிறார்கள்.

பெயரில் ரகசியம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய வழக்கத்தில், பாதுகாப்பு இணைப்புக்கான பொதுச் சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு சர்வரின் முழுப் பெயரும் யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. 2018-ல் இருந்து குரோம் இதைக் கட்டாயமாக்கியது. 'சம்பளம்-பழசு' என்றோ 'டெஸ்ட்-விபிஎன்' என்றோ பெயர் வைத்துச் சான்றிதழ் வாங்கினால், எங்கே தட்ட வேண்டும் என்று நீங்களே போர்டு மாட்டியது போல. டொமைன் வாலையும் இஷ்டத்துக்குக் கண்டுபிடிக்காதீர்கள். .டெவ் என்பதை ஆபீஸுக்குள் புழங்கிக்கொண்டிருந்தவர்கள், அது கூகுளின் நிஜ டொமைன் என்பதை 2017-ல் குரோம் திடீரென்று பாதுகாப்பு இணைப்பு கேட்டபோதுதான் உணர்ந்தார்கள். உங்களுக்குச் சொந்தமான டொமைனின் கீழ் ஒரு கிளை வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால், டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024-ல் ஒதுக்கிவைத்த .இன்டர்னல் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பெயரை உடனே புது மெஷினுக்கு வைக்க வேண்டாம் என்றும் சொல்வேன். எங்கள் பவானியை அக்கவுண்ட்ஸ் மேடத்தின் சந்தோஷத்துக்காகவே மூன்றாம் வருஷம் கழற்றி, டி.என்.எஸ்.ஸிலும் பெயரை நீக்கினோம். அதற்குப் பிறகும் தினமும் இரவு 11 மணிக்கு யாரோ பவானியின் முகவரியைக் கேட்டுக்கொண்டிருப்பது பதிவில் தெரிந்தது. இரண்டு வாரம் தேடினோம். வாசலில் மாட்டியிருந்த, விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின். அதை மாட்டிய ஆள் சர்வர் பெயரை அதற்குள்ளேயே எழுதிவிட்டுப் போயிருந்தார். அதன் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை.